செய்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள்

வாருங்கள், புதிய செனட்டரே. பதவிப் பிரமாணம் முடிந்த கையோடு பிடித்து உட்காரவைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பட்ஜெட், வெளியுறவு, விவசாய மானியம் இவற்றையெல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளாமலே ஓய்வு பெற்றவர்களும் உண்டு. ஆனால், அதிபரைப் பதவிநீக்கம் செய்யும் விசாரணை ஒன்று உங்கள் ஆறு வருஷத்துக்குள் எந்த நேரமும் வந்து நிற்கலாம். அமெரிக்கக் குடியரசின் முதல் இருநூறு வருஷத்தில் ஒரே ஒரு அதிபர்மீதுதான் பிரதிநிதிகள் சபை குற்றச்சாட்டை நிறைவேற்றியது. 1998 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில் மூன்று முறை நிறைவேற்றிவிட்டது. தொழில் சூடு பிடித்திருக்கிறது. அன்றைக்கு மைக்கை நீட்டுகிறவர்கள் முன்னால் நீங்கள் திருதிருவென்று விழிக்கக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பயிற்சி வகுப்பு. நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்கப்போவதில்லை. பாடம் இரண்டு கட்சிக்கும் ஒன்றுதான்.

சட்டம் எளிது. தேசத்துரோகம், லஞ்சம், ‘பிற பெருங்குற்றங்கள், முறைகேடுகள்’ ஆகியவற்றுக்காக அதிபரை நீக்கலாம் என்கிறது அரசமைப்புச் சட்டம். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும். செனட் விசாரிக்கும். அதிபர் பதவியில் இருக்கிறவரென்றால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வந்து தலைமை தாங்குவார். சபைக்கு வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ‘குற்றவாளி’ என்றால் அதிபர் வீட்டுக்குப் போக வேண்டும். பாரபட்சமில்லாமல் நீதி வழங்குவேன் என்று நீங்கள் தனியாக ஒரு சத்தியம் செய்ய வேண்டும். விசாரணையின்போது வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சிறை என்று சபைக் காவல் அதிகாரி உரக்க அறிவிப்பார். குடிக்கத் தண்ணீரும் பாலும் மட்டும் அனுமதி. ஆம், பால். 2020 விசாரணையில் ரிச்சர்ட் பர் என்ற செனட்டர், விரலிடுக்கில் வைத்துச் சுழற்றும் விளையாட்டுச் சாமான்களைச் சக உறுப்பினர்களுக்கு விநியோகித்தார். ஓர் அதிபரின் தலைவிதியை நிர்ணயிக்கும் சபையில் பாலும் பொம்மையும் இருந்தன. தொட்டில் ஒன்றுதான் குறை.

‘பெருங்குற்றம்’ என்றால் என்ன என்று சட்டம் எழுதியவர்கள் விளக்கிவைக்கவில்லை. அந்த வேலையை ஜெரால்ட் ஃபோர்டு முடித்துக்கொடுத்தார். 1970-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸை நீக்கக் கிளம்பியபோது, வரலாற்றின் ஒரு தருணத்தில் சபைப் பெரும்பான்மை எதைக் குற்றம் என்று கருதுகிறதோ அதுவே குற்றம் என்று அவர் சொன்னார். நான்கு வருஷம் கழித்து நிக்சன் ராஜினாமா செய்ய, அவருடைய துணை அதிபராகியிருந்த அதே ஃபோர்டு அதிபரானார். பதவியேற்று ஒரு மாதத்துக்குள் நிக்சனுக்கு முழு மன்னிப்பு வழங்கினார். குற்றம் எது என்பதைப் பெரும்பான்மை சொல்லும், மன்னிப்பு யாருக்கு என்பதைப் பதவியை விட்டுச்சென்றவருக்கு நன்றிக்கடன் பட்டவர் சொல்வார்.

இனி வகுப்புக்குப் போவோம். எல்லாப் பாடத்துக்கும் அடியில் ஓடும் விதி ஒன்றே ஒன்று: அதிபர் அந்தக் காரியத்தைச் செய்தாரா, இல்லையா என்ற கேள்வியை மட்டும் தொடாதீர்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள். முறை, நேரம், சாட்சி, முன்னுதாரணம், நாட்டின் ஒற்றுமை, தேர்தல் தேதி, மூதாதையரின் நோக்கம், எல்லாம் பேசுங்கள். செய்தாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் தெரிந்துவிட்டால் அதற்குத் தகுந்தபடி வாக்களிக்க வேண்டிய சங்கடம் வரும்.

பாடம் 1: கொள்கையை வாடகைக்கு எடுங்கள், சொந்தமாக வாங்காதீர்கள்

1998-இல் கிளிண்டனைக் குற்றம் சாட்டியபோது, ஜனநாயகக் கட்சியின் ஜெரோல்ட் நாட்லர் சபையில் எழுந்து, ஒரு பெரிய கட்சி ஆதரித்து இன்னொரு பெரிய கட்சி எதிர்க்கும் பதவிநீக்கம் என்பது நடக்கவே கூடாது என்றார். 2019-இல் டிரம்ப்பைக் குற்றம் சாட்டிய நீதிக்குழுவின் தலைவர் யார்? அதே நாட்லர். குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட விழவில்லை. அவருடைய பழைய பேச்சைக் குடியரசுக் கட்சிக்காரர்கள் ஆசையாக எடுத்துக் காட்டினார்கள். காட்டியவர்களுக்கும் அதே வருஷத்துப் பேச்சுகள் இருந்தன என்பதை அவர்கள் மறந்துபோனார்கள்.

லிண்ட்ஸி கிரஹாமைப் பாருங்கள். 1999-இல் கிளிண்டனுக்கு எதிராக செனட் முன்னால் வாதாடிய குழுவில் இருந்தவர். பதவி இழக்க ஒருவர் கிரிமினல் குற்றவாளியாக நிரூபிக்கப்படத் தேவையில்லை, இது தண்டனை அல்ல, பதவியைத் தூய்மைப்படுத்துவது என்று உருகினார். இருபது வருஷம் கழித்து டிரம்ப் விஷயம் வந்தது. தாம் ஒரு நியாயமான ஜூரி என்று பாசாங்கு செய்யப்போவதில்லை என்று விசாரணை தொடங்கும் முன்பே அறிவித்தார். செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மக்கானல் ஒரு படி மேலே போய், தாம் பாரபட்சமற்ற ஜூரி அல்ல என்றும், வெள்ளை மாளிகை வழக்கறிஞருடன் முழு ஒத்துழைப்புடன் செயல்படப்போவதாகவும் சொன்னார். ஒரு மாதம் கழித்து இருவரும் வலது கையைத் தூக்கிப் பாரபட்சமின்றி நீதி வழங்குவதாகச் சத்தியம் செய்தார்கள். பொய்ச் சத்தியம் செய்ததாக கிளிண்டன்மேல் குற்றம் சாட்டியவர் கிரஹாம் என்பதையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியர்களும் நமக்கு உண்டு. ஆலன் டெர்ஷோவிட்ஸ், கிளிண்டன் காலத்தில் பதவிநீக்கத்துக்குக் கிரிமினல் குற்றம் அவசியமில்லை என்றவர். டிரம்ப்பின் வழக்கறிஞராக வந்தபோது அவசியம் என்றார். கேட்டதற்கு, இப்போது கூடுதலாக ஆராய்ந்திருப்பதாக விளக்கமளித்தார். கிளிண்டனின் அந்தரங்கத்தை 445 பக்கங்களில் எழுதி நாட்டின் எல்லா வீட்டு வரவேற்பறைக்கும் அனுப்பிவைத்த கென்னத் ஸ்டார், 2020-இல் அதே டிரம்ப் தரப்பு வழக்கறிஞர் குழுவில் உட்கார்ந்து, பதவிநீக்கம் இந்நாட்டில் மிதமிஞ்சிப் போய்விட்டதே என்று செனட் முன் வருந்தினார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள் நம்மூரில். இங்கே இன்னும் வசதி: சில வருஷங்களுக்கு ஒருமுறை மாமியாரும் மருமகளும் இடம் மாறிக்கொள்கிறார்கள், குடம் மட்டும் உடைந்தபடியே கிடக்கிறது.

பாடம் 2: சாட்சியை நேசிக்கவும் வெறுக்கவும் பழகுங்கள்

1999-இல் சாட்சிகளை விசாரித்தே ஆக வேண்டும் என்றது குடியரசுக் கட்சி. எதற்கு வீண் வேலை, எல்லாம் தெரிந்த கதைதானே என்றது ஜனநாயகக் கட்சி. 2020-இல் சாட்சி இல்லாமல் விசாரணையா என்று ஜனநாயகக் கட்சி மார்பில் அடித்துக்கொண்டது. எதற்கு வீண் வேலை என்றது குடியரசுக் கட்சி. சாட்சி வேண்டாம் என்று 51-49 வாக்கில் முடிந்தது. சக் ஷூமர் கிளிண்டனுக்கு ஆதரவாக முதலில் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக வாக்களித்தார். சில வாரங்களில் செனட்டராகிவிட்டதால், அதே வழக்கில் ஜூரியாகவும் உட்கார்ந்து வாக்களித்தார். அப்போது சாட்சி வேண்டாம் என்றவர், 2020-இல் சாட்சிகளுக்காகப் போராடிய தளபதி.

இதில் நுணுக்கமான கலை ஒன்று உண்டு. 2019-இல் உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கியிடம் டிரம்ப் ஜூலை 25 அன்று தொலைபேசியில் பேசினார். தம் தேர்தல் போட்டியாளர் ஜோ பைடன்மேலும் அவர் மகன்மேலும் விசாரணை நடத்தும்படி கேட்டார். அந்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த சுமார் 39 கோடி டாலர் ராணுவ உதவி அந்த நேரத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. நேரில் தெரிந்தவர்கள் ஜான் போல்ட்டன் போன்ற வெள்ளை மாளிகைப் பெரிய புள்ளிகள். அவர்கள் சாட்சி சொல்லப் போகக் கூடாது என்று வெள்ளை மாளிகை தடுத்தது. பிறகு அதே தரப்பு, ‘நேரடி சாட்சி ஒருவரும் இல்லை, எல்லாம் கேள்விப்பட்டது’ என்று வாதாடியது. போல்ட்டனே அழைத்தால் வருகிறேன் என்றபோது, கதவைச் சாத்திவிட்டு, யாரும் வரவில்லை என்று தீர்ப்பெழுதினார்கள். குறித்துக்கொள்ளுங்கள்: சாட்சியை முதலில் அடைத்துவையுங்கள், பிறகு தேடுங்கள்.

எதிர்த் தரப்பும் சளைத்ததல்ல. போல்ட்டனை வரவழைக்க நீதிமன்றம் போகலாமே என்றால், அவசரம், நாட்டுக்கு ஆபத்து, ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது என்றார்கள் ஜனநாயகக் கட்சியினர். டிசம்பர் 18-ஆம் தேதி குற்றச்சாட்டை நிறைவேற்றிய பிறகு, நான்கு வாரம் அதை மேஜை இழுப்பறையில் பூட்டிவைத்தார் சபாநாயகர் நான்சி பெலோசி. ஜனவரி 15 அன்று ஒரு பேனாவில் ஓர் எழுத்து என்ற கணக்கில் பல பேனாக்களால் கையெழுத்திட்டு, அந்தப் பேனாக்களை ஞாபகார்த்தமாகத் தம் ஆட்களுக்கு வழங்கினார். கல்யாணத் தாம்பூலப் பைகூட அவ்வளவு மகிழ்ச்சியாக வழங்கப்பட்டதில்லை. மறுபடி அவசரம் என்ற சொல்லை யாராவது சொன்னால் அந்தப் பேனாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாடம் 3: நாள்காட்டி உங்கள் நண்பன்

அதிபரை நீக்க உகந்த நாள் என்று ஒன்று கிடையாது. இதைப் பஞ்சாங்கத்தில் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதவியேற்ற புதிதில் கேட்டால், மக்கள் தீர்ப்பை மதிக்காத கூட்டம். நடுவில் கேட்டால், அவசரக் கோலம், முறை தவறிவிட்டது. முடிவில் கேட்டால், தேர்தல் வருகிறது, மக்களே தீர்மானிக்கட்டும். பதவி முடிந்த பிறகு கேட்டால், போனவரை எப்படி நீக்குவது?

2019-இல் சபையில் முறைப்படி வாக்கெடுப்பு நடத்தாமல் விசாரணை தொடங்கிவிட்டாரே பெலோசி என்று குடியரசுக் கட்சியின் கெவின் மக்கார்த்தி கொதித்தார். 2023 செப்டம்பரில் அவரே சபாநாயகர். பைடன்மேல் விசாரணை தொடங்கினார். வாக்கெடுப்பு? நடத்தவில்லை. முதல் விசாரணைக் கூட்டத்தில் குடியரசுக் கட்சி தானாகக் கூட்டி வந்த சட்ட நிபுணரே, இப்போதுள்ள ஆதாரம் பதவிநீக்கத்துக்குப் போதாது என்று சொல்லிவிட்டுப் போனார். மறு வாரம் மக்கார்த்தியையே அவர் கட்சி ஆட்கள் சிலர் எதிர்க்கட்சியுடன் சேர்ந்து நீக்கிவிட்டார்கள். அந்த ஒரு நீக்கம்தான் சுருக்காக நடந்தது.

2024-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் மயோர்க்காஸைக் குடியரசுக் கட்சி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 214-213 என்று, இரண்டாவது முயற்சியில் குற்றம் சாட்டியது. கொள்கை வேறுபாட்டைக் குற்றமாக்கிய அபத்தம் அது. ஆனால், விசாரணை நடத்தாத செனட் ஒரு செனட்டா என்று 2020-இல் முழங்கிய ஜனநாயகக் கட்சி, இப்போது பெரும்பான்மையாக இருந்து என்ன செய்தது? விசாரணையே இல்லாமல் ஒரே நாளில் கதையை முடித்தது. அபத்தத்துக்கு அபத்தம் என்று சமன் செய்துவிட்டார்கள்.

பாடம் 4: ஒழுக்கம் பேசுமுன் வீட்டைப் பூட்டுங்கள்

1998 டிசம்பர் 19. கிளிண்டன்மேல் குற்றச்சாட்டு வாக்கெடுப்பு நடக்கும் காலை. அடுத்த சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பாப் லிவிங்ஸ்டன், அதிபரை ராஜினாமா செய்யச் சொன்னார்; தம் கள்ளத் தொடர்புகள் வெளிவந்ததால் தாமும் விலகுவதாக அதே மூச்சில் அறிவித்தார். பதவியிலிருந்த சபாநாயகர் நியூட் கிங்ரிச், அந்த நாட்களில் தமக்கும் ஒரு தொடர்பு இருந்ததைப் பல வருஷம் கழித்து ஒப்புக்கொண்டார். நீதிக்குழுத் தலைவர் ஹென்றி ஹைடு, நாற்பது வயதைத் தாண்டி நடத்திய ஒரு தொடர்பை ‘இளமைக்கால விளையாட்டு’ என்று வர்ணித்தார். லிவிங்ஸ்டனுக்குப் பதிலாகத் தூயவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் டென்னிஸ் ஹாஸ்டர்ட். பள்ளிப் பயிற்சியாளராக இருந்தபோது சிறுவர்களுக்குச் செய்த பாலியல் கொடுமையை மறைக்கக் கொடுத்த பணம் தொடர்பான வழக்கில் 2016-இல் அவருக்கு 15 மாதச் சிறை கிடைத்தது. அதிபரின் ஒழுக்கத்தை எடைபோட்ட தராசின் தட்டுகள் இவை.

சிரிக்காதீர்கள், ஜனநாயகக் கட்சிக்காரரே. உங்கள் பக்கக் கதை வேறு மாதிரி கூசும். பெண்ணுரிமை பேசியே வளர்ந்த கட்சி, நாட்டின் முதல் அதிகாரி 22 வயதுப் பயிற்சி ஊழியையிடம் நடந்துகொண்டதை ‘அவர் சொந்த விஷயம்’ என்று கைகழுவியது. குற்றம் சாட்டப்பட்ட அதே நாள், வெள்ளை மாளிகைப் புல்வெளியில் கட்சி உறுப்பினர்கள் கிளிண்டனைச் சுற்றி நின்றார்கள். துணை அதிபர் அல் கோர் அவரை நாட்டின் மகத்தான அதிபர்களுள் ஒருவராக வரலாறு கருதும் என்றார். கிளிண்டன் ராஜினாமா செய்திருக்க வேண்டும் என்ற ஞானம் ஹிலாரியின் செனட் இடத்துக்கு வந்த கில்லிபிராண்டுக்கு 2017 நவம்பரில் பிறந்தது. கிளிண்டன் குடும்பத்திடம் வாங்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்றான பிறகு பிறந்த ஞானம்.

பாடம் 5: இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் இடம்

கட்சிகள் எதிலுமே ஒத்துப்போகாது என்று பத்திரிகைக்காரர்கள் புலம்புவார்கள். தவறு. எது குற்றமே இல்லை என்பதில் அருமையான ஒற்றுமை உண்டு.

1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன்மேல் பதினொரு குற்றச்சாட்டு. அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த சுமார் நாற்பது லட்சம் கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களைத் தடுத்து நிறுத்தப் பார்த்த மனிதர் அவர். அதற்காகவா குற்றப்பத்திரிகை? பெரும்பகுதி, போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை அனுமதியின்றி வேலையைவிட்டு நீக்கியதற்காக. ஒரே ஒரு வாக்கில், 35-19 என்ற கணக்கில், தப்பித்தார். அவர் போனால் அடுத்த அதிபராகியிருக்க வேண்டியவர் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட். அவரும் ஜூரியாக உட்கார்ந்து ‘குற்றவாளி’ என்று வாக்களித்தார். நாற்காலிக்கு ஆசைப்பட்டவரே நீதிபதி.

1974-இல் நிக்சன்மேல் மூன்று குற்றச்சாட்டுகளை நீதிக்குழு ஏற்றது. நான்காவதாக ஒன்று வந்தது: நாட்டுக்குச் சொல்லாமல் கம்போடியாமேல் ரகசியமாகக் குண்டு போட்டது. அதைக் குழு 26-12 வாக்கில் தள்ளிவிட்டது. அடுத்த கட்சி அலுவலகத்தில் பூட்டை உடைத்ததை மூடிமறைத்தால் பெருங்குற்றம். அடுத்த நாட்டு வயலில் மனிதர்களை எரித்ததை மூடிமறைத்தால் நிர்வாகம்.

1998 ஆகஸ்டு 17-இல் கிளிண்டன் தம் காதல் பற்றி ஜூரி முன் சாட்சி சொன்னார். மூன்றாம் நாள் சூடானில் ஒரு மருந்துத் தொழிற்சாலைமேல் ஏவுகணை விழுந்தது. டிசம்பரில் குற்றச்சாட்டு வாக்கெடுப்புக்கு நாள் குறித்திருந்தபோது ஈராக்மேல் குண்டுவீச்சு தொடங்கியது; வாக்கெடுப்பு தள்ளிப்போனது, குண்டுவீச்சு தள்ளிப்போகவில்லை. 2020 ஜனவரியில் குற்றச்சாட்டு பெலோசியின் இழுப்பறையில் கிடந்தபோதே, ஈரான் தளபதி சுலைமானியை டிரம்ப் பாக்தாதில் கொன்றார். எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இவை ஏறவில்லை. வெளிநாட்டுப் பிணங்களுக்கு செனட்டில் வாக்கில்லை.

பாடம் 6: அங்கே போ, இங்கே வா

இது கடைசிப் பாடம். மற்ற ஐந்தும் இதற்கான வார்மப். இதை நான் விளையாட்டாகச் சொல்ல முயன்று பார்த்தேன். முடியவில்லை.

2021 ஜனவரி 6. தேர்தலில் தோற்ற அதிபர், தோற்கவில்லை என்று இரண்டு மாதம் சொல்லிச் சொல்லி வளர்த்த கூட்டத்தை நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார். போனார்கள். கண்ணாடியை உடைத்தார்கள். துணை அதிபரைத் தூக்கிலிடு என்று கத்தினார்கள். சுமார் 140 காவலர்கள் தாக்கப்பட்டார்கள். சட்டம் எழுதும் சபையைவிட்டு நம் மதிப்புக்குரிய செனட்டர்கள் ஓடினார்கள். வழிதெரியாமல் கூட்டத்தை நோக்கியே போய்க்கொண்டிருந்த ஒரு செனட்டரை யூஜின் குட்மேன் என்ற காவலர் திருப்பி அனுப்பிக் காப்பாற்றினார். ஒரு வாரத்தில் பிரதிநிதிகள் சபை 232-197 என்று குற்றம் சாட்டியது. பத்துக் குடியரசுக் கட்சியினர் சேர்ந்து வாக்களித்தார்கள்.

பிறகு நடந்தது, பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டியது. செனட் பெரும்பான்மை அப்போது மக்கானல் கையில். உடனே கூட்டுங்கள் என்றார்கள்; ஜனவரி 19-க்கு முன் முடியாது என்றார். 20-ஆம் தேதி டிரம்ப் பதவி முடிந்து போனார். பிப்ரவரியில் விசாரணை நடந்தபோது அதே மக்கானல், முன்னாள் அதிபரை விசாரிக்க செனட்டுக்கு அதிகாரம் இல்லை என்றார். கடிகாரத்தை நிறுத்திவைத்த கையே நேரம் ஆகிவிட்டது என்று கைவிரித்தது. 1876-இல் போர்த்துறைச் செயலர் பெல்க்நாப் குற்றச்சாட்டுக்குச் சற்று முன்னால் ராஜினாமா செய்து ஓடிவிட்டபோதும் செனட் அவரை விசாரித்திருக்கிறது. அந்த ஏட்டைத் திறந்து காட்டியும் பயனில்லை.

57 பேர் குற்றவாளி என்றார்கள், அதில் ஏழு பேர் டிரம்ப்பின் சொந்தக் கட்சி. 67 வேண்டும், ஆகவே விடுதலை. வாக்களித்துவிட்டு எழுந்த மக்கானல், நடந்ததற்கு டிரம்ப்தான் பொறுப்பு, சந்தேகமே இல்லை என்று பேசினார். செய்தாரா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தும், வாக்கு வேறாக இருந்தது. நாட்டில் கிரிமினல் நீதிமன்றங்கள் இருக்கின்றனவே, முன்னாள் அதிபர் அவற்றுக்கு மேலானவர் அல்லர் என்றும் சொன்னார். டிரம்ப்பின் வழக்கறிஞர்களும் அதையே சொன்னார்கள்: குற்றமென்றால் வழக்குப் போட்டுக் கைது செய்யுங்கள், பதவிநீக்கம் எதற்கு?

சரி என்று வழக்குப் போட்டார்கள். 2024 ஜனவரியில் நீதிமன்றத்தில் டிரம்ப்பின் வழக்கறிஞர் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? ஓர் அதிபரை செனட் முதலில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தால்தான் பிறகு வழக்குப் போட முடியும். செனட் விடுதலை செய்துவிட்டதே! செனட்டில்: நீதிமன்றம் போங்கள். நீதிமன்றத்தில்: செனட் போங்கள். நம்மூர் அரசு அலுவலகத்தில் மூன்றாவது ஜன்னலுக்குப் போ, ஏழாவது ஜன்னலுக்குப் போ என்று விரட்டுவார்களே, அதை அரசமைப்புச் சட்டத்தின் மேல் கட்டி நிறுத்தினார்கள். உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை அப்படியே ஏற்கவில்லை. அதைவிடத் தாராளமாக நடந்துகொண்டது. 2024 ஜூலை 1 அன்று, 6-3 என்ற கணக்கில், அதிபர் தம் பதவிப் பொறுப்பில் செய்த காரியங்களுக்குப் பாதுகாப்புக் கவசம் அணிவித்தது. நவம்பரில் டிரம்ப் மீண்டும் ஜெயித்தார். வழக்கு திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜனவரி 20, பதவியேற்ற முதல் நாளிலேயே ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். காவலரைத் தாக்கியவர்கள் உட்பட. ஃபோர்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

டிரம்ப்பைக் குற்றம் சாட்ட வாக்களித்த பத்துக் குடியரசுக் கட்சியினர் என்ன ஆனார்கள்? நான்கு பேர் மறுபடி போட்டியிடவில்லை. நான்கு பேரைச் சொந்தக் கட்சி உட்கட்சித் தேர்தலிலேயே தோற்கடித்தது. இரண்டு பேர் மட்டும் சபைக்குத் திரும்பினார்கள். குற்றம் செய்தவருக்கல்ல, குற்றம் என்று சொன்னவர்களுக்குத்தான் பதவிநீக்கம்.

வகுப்பு முடியும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து வழக்கமான ஒரு குரல் எழும்: ‘எல்லாரும் ஒன்றுதான் சார், இரண்டு கட்சியும் திருட்டுக் கட்சி.’ இந்த ஆறு பாடத்தையும் சொல்லிக்கொடுத்தவனே அதற்குப் பதில் சொல்கிறேன். இரட்டை நாக்கு இரண்டு கட்சிக்கும் பொது, உண்மைதான். செயல்கள் பொதுவல்ல. ஒரு பெண்ணுடன் இருந்த தொடர்பைச் சத்தியத்தின் பேரில் மறைத்தது ஒன்று. போருக்குள் நிற்கும் ஒரு நாட்டின் ஆயுதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு தேர்தல் உதவி கேட்டது வேறு. வாக்கு எண்ணிக்கையை நிறுத்தக் கூட்டத்தைக் கட்டடத்துக்கு அனுப்பியது முற்றிலும் வேறு. முதலாவதைச் செய்தவரைப் பெருங்குற்றவாளி என்று கத்தியவர்கள், மூன்றாவதற்கு வந்தபோது நாள்காட்டி பார்த்தார்கள். எல்லாரும் ஒன்றுதான் என்று சலித்துக்கொண்டு போகிறவன் நடுநிலை வகிக்கவில்லை. மிகப் பெரிய குற்றத்துக்கு மிகச் சிறிய குற்றத்தின் விலையைப் போட்டுக்கொடுக்கிறான்.

பதவிநீக்க முறை ஒரே ஒரு தடவை வேலை செய்தது. 1973-இல், அந்தப் பூட்டுடைப்பு பற்றிய வாட்டர்கேட் விசாரணையில் நிக்சனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஹோவர்ட் பேக்கர், அதிபருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்று கேட்டார். கேள்விக்குப் பதில் ஒலிநாடாவில் இருந்தது. 1974 ஆகஸ்டில் அந்த நாடா வெளிவந்ததும் பாரி கோல்டுவாட்டர் உள்ளிட்ட குடியரசுக் கட்சித் தலைவர்கள் மூவர் வெள்ளை மாளிகைக்குப் போய், உங்களைக் காப்பாற்ற இங்கே வாக்கு இல்லை என்று சொன்னார்கள். மறுநாளே நிக்சன் ராஜினாமாவை அறிவித்தார். அவர்கள் புனிதர்கள் அல்லர். பல மாதம் அவரைத் தாங்கிப்பிடித்தவர்கள்தாம். ஆனால், செய்தார் என்று தெரிந்த பிறகும் செய்யவில்லை என்று வாக்களிக்க அவர்களுக்குக் கொஞ்சம் கூசியது. அந்தக் கூச்சம்தான் அரசமைப்புச் சட்டத்தின் எழுதப்படாத பிரிவு. பதவிநீக்கம் பற்றி எழுதப்பட்டதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஓர் எழுத்தும் மாறவில்லை.

கணக்கைச் சொல்லிவிட்டு உங்களை அனுப்புகிறேன். செனட்டில் 100 பேர். அதிபரை நீக்க 67 வேண்டும். காப்பாற்ற 34 போதும். மக்கள்தொகையில் மிகச் சிறிய 17 மாநிலங்களின் செனட்டர்களைக் கூட்டினாலே 34 வந்துவிடும். அத்தனை மாநிலத்திலும் சேர்த்து நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1789 முதல் இன்றுவரை ஓர் அதிபரையும் செனட் நீக்கியதில்லை. அதிபருக்கு நேர்மை வேண்டாம், சட்டம் தெரிய வேண்டாம், மக்களில் பாதிப்பேர்கூட வேண்டாம். தெரிந்தும் தெரியாதவர்போல உட்கார்ந்திருக்க 34 பேர் வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை, செனட்டரே. நீங்கள் வந்துதான் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.